லாபம், ரெண்டு, மூணு

ஜீப்புக்கு அடியில் மதியம் மூன்று மணிக்கே ஒரு சாயங்காலம் வந்துவிடுகிறது. சணல் சாக்கின் மேல் மல்லாந்து படுத்திருக்கிறேன். நான்கு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு வெயில் வெள்ளையாக நிற்கிறது. எங்கள் தெரு ஒரு வேட்டிக்கரை அகலத்துக்குத்தான் தெரிகிறது. அதில் ஒரு கோழியின் கால்கள் போகின்றன, ஒரு சைக்கிளின் கீழ்ப்பாதி போகிறது, பிறகு ஒன்றும் போவதில்லை. போடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் இப்படித்தான், சாப்பிட்டுவிட்டு ஊரே கண்ணை மூடிக்கொள்ளும். எங்கிருந்தோ ஏலக்காய் காய வைக்கிற வாசனை வருகிறது, அது வெயிலோடு கலந்து சீயக்காய் மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு நேர் மேலே முன் கிரௌன் உட்கார்ந்திருக்கிறது. பத்து நட்டில், நான் இறுக்கிய பத்து நட்டில். கல்லூரிப் புத்தகத்தில் அதற்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். எங்கள் தெருவில் கிரௌன். இஞ்சினிலிருந்து நீள வாக்கில் சுற்றிக்கொண்டு வருகிற ஓட்டத்தை ஒரு சின்னப் பல்சக்கரம் வாங்கி ஒரு பெரிய பல்சக்கரத்துக்குக் கொடுக்க, அது இடமும் வலமும் இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துவிடுகிற இடம். பானையைப் பாதியாக வெட்டி ஒட்டியது போல இருக்கும். அதன் விளிம்பில், ஆயில் கசியாமல் இருக்கப் பூசிய சாம்பல் நிற பேஸ்ட் பிதுங்கி நிற்கிறது. ஆயில் ஊற்றும் முன் அது ஒரு மணி நேரம் காய வேண்டும் என்று டியூபில் போட்டிருக்கிறது, நான்கு முறை படித்துவிட்டேன். அப்பா ஆயில் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். வாசற்படியில் அம்மா அரிவாளால் ஒரு மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டிருக்கிறாள். டொக். கொஞ்ச நேரம் கழித்து டொக். ஒரு மணி நேரத்தில் எத்தனை டொக் என்று எண்ணலாம் என்று தோன்றுகிறது, உடனே எண்ண வேண்டாம் என்றும் தோன்றுகிறது. எண்ணுவதைப் பற்றி இப்போது நினைக்கக் கூடாது.

பேஸ்ட்டைப் பற்றி நினைக்கலாம். எவ்வளவு சீராகப் பூசினேன். விரலில் எடுத்து, ஒவ்வொரு துளையையும் சுற்றி ஒரு வட்டம், கோலத்தில் புள்ளியைச் சுற்றி வளைக்கிற மாதிரி. கிரௌனைத் தூக்கி உட்கார வைத்தபோது அப்பா ஜாக்கியை மெதுவாக, மூச்சு விடுவது போல ஏற்றினார். சக்கரத்துக்குப் போகிற ஆக்சில் இரண்டும் உள்ளே போய்ப் பல்லில் உட்கார்ந்தபோது கிளக் என்று ஒரு சத்தம் வந்தது. அது எனக்கு உள்ளங்காலில் கேட்டது. இதுவரை நான் பரீட்சைத் தாளில் மட்டும் மாட்டியிருந்த ஒன்று, அப்படியே கறுப்பாகக் கனமாக மாட்டிக்கொண்டது. போன வருஷம் ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. டிஃபரன்ஷியல் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்கள். ஏழு நிமிடம் பேசினேன், ஒரு வார்த்தை தப்பவில்லை. கடைசியில் ஓரத்தில் இருந்த ஒருவர் கேட்டார், "கையால ஒருதரம் கழட்டிருக்கியாம்மா?" இல்லை சார் என்றேன். அது உண்மை. அவர் என் ஃபைலை ரொம்ப மெதுவாக மூடினார், தூங்குகிற குழந்தை இருக்கிற அறையின் கதவை மூடுகிற மாதிரி. அந்த மெதுவை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் போன செவ்வாய்க்கிழமை மலையில் முன் கிரௌன் உடைந்து, அப்பா வொர்க்‌ஷாப்புக்குப் போன் போட எடுத்தபோது, "நான் மாட்டுறேன்ப்பா" என்று சொன்னேன். அப்பா ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எங்க வீட்லயே இஞ்சினியரு இருக்கு, எவனுக்கு நான் போன் போடணும்" என்றார். எங்கள் இரண்டு பக்கத்து வம்சத்திலும் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். மொக்கராசு மகள் நாகஜோதி ஜீப்புக்குக் கிரௌன் மாட்டுகிறாள் என்பது அன்று ராத்திரிக்குள் மூன்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

டொக். அம்மா செதுக்குவது கட்டை. கட்டை என்றால் ஏற்றத்தில் வண்டி நின்று பின்னால் வழுக்கும்போது பின் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கிற ஆப்பு. எங்கள் ஜீப்பில் அது அம்மா வேலை. அப்பா விடிவதற்கு முன்னால் இந்தத் தெருவிலிருந்து பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவார், மலை உச்சி மெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்கு. அதில் அம்மாவும் ஒருத்தி. கடைசி ஆளாக ஏறி, கதவோரம், காலை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு, மடியில் கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தார் ரோடு முடிகிற ஒத்தைப்பாலத்தில் அப்பா நான்கு சக்கரத்துக்கும் ஓட்டம் கொடுக்கிற லீவரை இழுப்பார். அங்கிருந்து மூன்று மைல் செம்மண் பாதை. வண்டி முக்கி நின்றால் அம்மா குதிப்பாள், வண்டி பின்னால் வருகிற அந்த ஒரு நொடிக்குள் குனிந்து சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பாள். பயமாக இல்லையா என்று ஒரு தடவை கேட்டேன். "பின்னால வர்றது உங்கப்பன் வண்டிதானே" என்றாள், ஏதோ அதற்கு அம்மாவைத் தெரியும் என்பது போல. செவ்வாய்க்கிழமை கிரௌன் உடைந்தது சட்டிப்பாறை ஏற்றத்தில். பாதையில் நாற்பது அடிக்கு மண்ணே இல்லாத வெறும் பாறை, வலது பக்கம் பள்ளம். முன்னால் டமார் என்று சத்தம். அம்மா குதித்துக் கட்டையைக் கொடுத்தாள். ஜீப் கட்டையின் மேல் ஏறி அதை இரண்டாகப் பிளந்துவிட்டுத்தான் நின்றது. பிளந்த பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தாள். நன்றாக எரிந்தது என்றாள். இப்போது செதுக்குவது பலாக்கட்டை. பலா பிளக்காதாம்.

எனக்குக் கண் சொக்குகிறது. ஜீப்பின் குறுக்குச் சட்டத்தில் எறும்புகள் வரிசையாகப் போகின்றன, தலைகீழாக. அவற்றுக்கு நான் தரையா, வானமா. கான்வொக்கேஷன் அன்று கறுப்பு கவுன் போட்டு வரிசையில் நின்றபோது முன்னால் இருந்தவளின் கழுத்துக்குப் பின்னால் ஓர் எறும்பு ஊர்ந்தது, தட்டிவிடலாமா வேண்டாமா என்று மேடை வரைக்கும் யோசித்தபடியே போய்ப் பட்டத்தை வாங்கினேன். தட்டிவிடவில்லை. யாரையும் தொந்தரவு செய்யாமல் வரிசையில் போவது எனக்கு வரும். தலையாட்டுவது எனக்கு வரும். இங்கேதான் என் நினைப்பு ஒவ்வொரு முறையும் சேலை முள்ளில் மாட்டுவது போல மாட்டுகிறது. தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை, தேனியில் பழைய சாமான் கடையில், கடைக்கார பாய், "எண்ணிட்டியாம்மா?" என்று கேட்டபோது தலையாட்டினேன்.

எண்ண வேண்டியது பல். முன் கிரௌனும் பின் கிரௌனும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். எங்கள் ஜீப்பில் சின்னச் சக்கரத்துக்கு எட்டுப் பல், பெரிய சக்கரத்துக்கு நாற்பத்தொன்று, முன்னாலும் பின்னாலும் அதே. பார்க்க அச்சு ஒன்றாகவே இருக்கும், ஒன்பதுக்கு நாற்பத்தொன்றும் கடையில் உண்டு. கணக்கு மாறினால் முன் சக்கரம் ஒரு வேகத்தில் போக நினைக்கும், பின் சக்கரம் வேறு வேகத்தில். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது அப்பா முன்னாலும் அம்மா பின்னாலும் பீரோவைத் தூக்கிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது. அப்பா நடையில் எட்டு நீளம், அம்மாவுக்குக் குட்டை. நாலு அடியில் பீரோ முறுக்கிக்கொண்டு இரண்டு பேரையும் சுவரில் தள்ளியது. அம்மா, "நீ பாட்டுக்கு நடக்காதய்யா, பின்னாடி ஒருத்தி வர்றா" என்று கத்தினாள். அதுதான் விஷயம். பல் எண்ணிக்கை சரியில்லாத ஜீப்பில் இரண்டு பேர் வேறு வேறு எட்டு வைக்கிறார்கள், நடுவில் இருக்கிற இரும்பு முறுக்கிக்கொள்கிறது. சேற்றில் பரவாயில்லை, சக்கரம் வழுக்கி வழுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும். பாறையில் வழுக்காது. பாறையில் இறுகும். இறுகி வண்டி நிற்கும், அல்லது ஏதாவது உடையும், அப்புறம் பின்னால் வரும். பின்னால் வருகிற இடத்தில் அம்மா இருப்பாள்.

வெள்ளிக்கிழமை பெரிய சக்கரத்தை நான்தான் எண்ணினேன். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோடு திரும்பி வரும் வரைக்கும், இரண்டு முறை. நாற்பத்தொன்று. சின்னது உள்ளே மறைந்து கிடக்கும், அந்தப் பக்கத்திலிருந்துதான் தெரியும். அப்பா அந்தப் பக்கம் குனிந்து செல்போன் வெளிச்சத்தில் எண்ணினார். "எட்டு" என்றார். நோட்டில் எட்டு என்று எழுதினேன். "நீயும் ஒருக்கா எண்ணிப் பாருத்தா" என்றார். பாய்க்கு ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரை நிற்க வைக்கிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. "எண்ணிட்டியாம்மா? படிச்ச புள்ள, நீ பாத்தாச் சரியாத்தான் இருக்கும்." தலையாட்டினேன். ஒரு சின்ன ஆட்டல். அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அது இப்போது எனக்கு மேலே பத்து நட்டில் இறுகி இருக்கிறது.

அப்படியும் இன்று மதியம் வரைக்கும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அப்பா எட்டு என்றால் எட்டுத்தானே. கிரௌனை உட்கார வைத்த பிறகு அப்பா தகர டப்பாவிலிருந்து நட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக என் கையில் போட்டார், எண்ணிக்கொண்டே. முடிந்ததும், "ஒம்பதுதான் இருக்கு. ஒண்ணு எங்க போச்சு?" என்றார். பத்து நிமிடம் இரண்டு பேரும் தேடினோம். சாக்கை உதறினேன், கோழியைக்கூடச் சந்தேகப்பட்டோம். கடைசியில் உள்ளங்கையை விரித்து நானே எண்ணினேன், பத்து இருந்தது. அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன், ஒவ்வொன்றாக மாட்டி இறுக்க ஆரம்பித்தேன். ஏழாவது நட்டோ எட்டாவது நட்டோ, ஸ்பானர் பாதி சுற்றில் இருக்கும்போது, அப்பா எண்ணிய விதம் காதில் திரும்பக் கேட்டது. லாபம். ஒண்ணு. ரெண்டு. மூணு. எங்கள் வீட்டில் எதை எண்ணினாலும் ஒன்று என்று ஆரம்பிப்பதில்லை, லாபம் என்றுதான் ஆரம்பிப்போம். அது அம்மா கொண்டுவந்த பழக்கம், அம்மா வீட்டில் களத்தில் நெல் அளந்தவர்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். லாபம்தான் ஒன்று. நானும் அப்படியே எண்ணித்தான் வளர்ந்தேன். அப்பா நெல் அளந்தவர் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அம்மா வாயிலிருந்து இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார், பிள்ளையார் சுழி மாதிரி, கணக்குக்கு முன்னால் சொல்கிற சொல் என்று. முதல் நட்டை என் கையில் போடும்போது லாபம் என்கிறார், இரண்டாவதைப் போடும்போது ஒண்ணு என்கிறார். பத்து நட்டு அவருக்கு ஒன்பது. அப்படியானால் அவருடைய எட்டு.

டொக். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. கடையில் அவர் லாபம் சொல்லும்போது விரல் பல்லின் மேல் இருந்ததா, இன்னும் வைக்கவில்லையா. விரல் வைக்காமல் சும்மா சாமி பேரைச் சொல்வது போலச் சொல்லியிருந்தால் எட்டு எட்டுத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கடைக்குத் திரும்பிப் போகிறேன். ஷட்டரின் பாதி வெளிச்சம், அத்தர் வாசனை, அப்பாவின் முதுகு. முதுகுதான் தெரிகிறது. விரல் தெரியவில்லை. கொஞ்சம் நகருப்பா என்று நினைவுக்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன், நகரமாட்டேன் என்கிறார். முதுகில் வேர்வை ஒரு தேசப்படம் மாதிரி படர்ந்திருக்கிறது, அதில் ஒரு மலை, ஒரு பாதை, பாதையில் ஒரு சின்ன ஜீப். ஜீப்புக்குப் பின்னால் யாரோ குதிக்கிறார்கள். நான் விழித்துக்கொள்கிறேன். தூங்கியிருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெயில் கொஞ்சம் மஞ்சளாகி இருக்கிறது.

"யாருடி அடியில, அப்பனா மகளா? காலு மட்டுந்தான் தெரியுது." இரண்டு கால்கள் ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன, வலது பாதத்தில் அட்டை கடித்த தழும்பு. மூன்றாவது வீட்டு வெள்ளைத்தாய் அத்தை, அவளும் ஜீப்பில் போகிறவள். "நான்தான் அத்தை" என்கிறேன். "மெத்தையா போட்டுக் குடுத்திருக்காக உள்ள? எந்திரிக்கவே மாட்ற?" "பேஸ்ட் காயுது அத்தை." "எது காய்ஞ்சா என்ன, நாளைக்கு வண்டி ஏறுமா, அத மட்டும் சொல்லு. நாலு நாளா அந்தச் சுருளிராசு வண்டியில வெளிய தொங்கிக்கிட்டுப் போயி எந்தோளு கழண்டுருச்சு. அவம்போடுற பாட்டு வேற." அம்மா படியிலிருந்து, "அதெல்லாம் ஏறும் மைனி, எம்மக மாட்டிருக்கா" என்கிறாள். "ஏறட்டும். உம்புருசன்கிட்ட மட்டும் எண்ணச் சொல்லிக் குடு. இருவது வருசமா வண்டியக் கிளப்பும்போது ஒரு ஆளக் காணோம் ஒரு ஆளக் காணோம்னு கத்துறாரு, நாங்க பன்னெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கோம். பொண்டாட்டிய மட்டும் கணக்குல சேக்க மாட்டேங்குறாரு." "என்னைய எதுக்கு எண்ணனும், நான் எங்க ஓடப் போறேன்" என்று அம்மா சொல்ல, இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். கால்கள் போய்விட்டன. அந்தப் பகடி தெருவில் எல்லோருக்கும் தெரியும். காலையில் அப்பா ஜீப்புக்குப் பின்னால் நின்று விரல் நீட்டி எண்ணுவார், பதினொண்ணு என்பார், பெண்கள் ஓவென்று கத்துவார்கள், அவரும் சிரித்துக்கொண்டே கதவில் சங்கிலியை மாட்டுவார். நான் கல்லூரிக்குக் கிளம்பிய முதல் நாள் அதே ஜீப்பில் பஸ் நிலையம் வரைக்கும் போனேன், அன்றைக்குப் பதிமூன்று பேர், அவர் பன்னிரண்டு என்றார். அன்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது, நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அவர் எப்போதும் ஒன்று குறைத்துத்தான் எண்ணுகிறார். இருபது வருஷமாக. கடையில் மட்டும் எப்படிச் சரியாக எண்ணியிருப்பார்.

சரி பார்ப்பது சுலபம், அதுதான் கொடுமை. கழற்றக்கூட வேண்டாம். முன் சக்கரம் இரண்டும் முட்டுக்கட்டையின் மேல் அந்தரத்தில்தான் இருக்கின்றன. இஞ்சினிலிருந்து வருகிற ஜாயின்ட்டை நான் இன்னும் மாட்டவில்லை, அது மாட்டுகிற வட்டத் தகடு என் மூக்குக்கு நேரே நான்கு துளையோடு ஓர் ஆந்தை முகம் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு சக்கரத்தை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொரு சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினால், உள்ளே பெரிய பல்சக்கரம் சரியாக ஒரு சுற்றுச் சுற்றும். அந்த நேரத்தில் இந்தத் தகடு எத்தனை சுற்று என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நாற்பத்தொன்றை எட்டால் வகுத்தால் ஐந்தும் கொஞ்சமும். ஒன்பதால் வகுத்தால் நாலரையும் கொஞ்சமும். ஐந்தைத் தாண்டினால் எட்டு. நாலரையில் நின்றால் ஒன்பது. குழந்தை கூடச் செய்யலாம். ஆனால் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். ரிசல்ட் வருகிற அன்று வெப்சைட்டைத் திறந்துவிட்டு, பதிவு எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் அடிக்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். அடிக்காத வரைக்கும் நான் பாஸும் இல்லை ஃபெயிலும் இல்லை. இந்த ஜீப் இப்போது அப்படித்தான் இருக்கிறது. இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று ஒரு குரல், என் குரல்தான், நயமாகக் கேட்கிறது. அது எட்டாகவும் இருக்கலாம். ஒன்பதாக இருந்தாலும் பாதையில் முக்கால்வாசி சேறு, மலையில் நான்கு நாளாகச் சாரல். சட்டிப்பாறை நாற்பதே அடி. அப்பா அங்கே லீவரைத் தள்ளிவிட்டு ஓட்டினாலும் ஓட்டுவார். ஏதாவது உடைந்தாலும் பழைய சாமான், உடைந்துபோச்சு என்பார்கள். யாரும் பல்லை எண்ண மாட்டார்கள். இந்த ஊரில் பல்லை எண்ணத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தக் குரல் இதைச் சொல்லி முடித்ததும் எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. இரும்பின் குளிர்ச்சி இல்லை. ஃபைலை மெதுவாக மூடிய அந்த மனிதர் என்னிடம் கேட்டதற்கு நான் இல்லை சார் என்றேன். அந்த இல்லை எனக்கு வேலையைத் தரவில்லை. ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னால் நிம்மதியாகத் தூங்க முடிந்தது, ஓசூரிலிருந்து திண்டுக்கல் வரைக்கும், ஜன்னல் கம்பியில் தலையை வைத்து. வெள்ளிக்கிழமையிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. காரணம் தெரியாமல்தான் தூங்கவில்லை. தலைக்குத் தெரிவதற்கு முன்னால் கழுத்துக்குத் தெரிந்திருக்கிறது போல, தப்பாக ஆடியது அதுதானே.

டொக், டொக். பிறகு அரிவாளைக் கீழே வைக்கிற சத்தம். அம்மாவின் கால்கள் வருகின்றன. குனிகிறாள், முகம் பக்கவாட்டில் தெரிகிறது, தலைமுடியில் மரச்சீவல். "இந்தாத்தா, சரியா இருக்கான்னு பாரு, நீதான அளவுக்காரி" என்று கட்டையை உள்ளே நீட்டுகிறாள். பலாவின் மஞ்சள். ஒரு பக்கம் கனமாக, ஒரு பக்கம் நாக்கு மாதிரி சரிந்து, கைப்பிடிக்கு ஒரு பள்ளம் வேறு. நெஞ்சின் மேல் வைத்துக்கொள்கிறேன். கனக்கிறது, பால் வாசம் அடிக்கிறது. "பிளக்காதில்ல?" என்று கேட்கிறேன். "பலா பிளக்காது. போன கட்டை வேம்பு, அது கோவக்காரக் கட்டை" என்கிறாள். "என்னத்தா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? பசிக்குதா?" அந்த நேரத்தில்தான் அப்பாவின் செருப்புச் சத்தம். ஆயில் டப்பாவைத் தரையில் வைக்கிறார். "காஞ்சிருச்சா இஞ்சினியரம்மா? மணி நாலாச்சு. ஊத்திருவமா?" மூடியைத் திருகுகிற சத்தம் கேட்கிறது. ஒரு திருகு, இரண்டு திருகு. மூன்றாவது திருகில் மூடி வந்துவிடும்.

"ஊத்தாதப்பா." என் குரல் இரும்பில் பட்டு எனக்கே வேறு யாரோ பேசியது போலக் கேட்கிறது. "ஏன், இன்னும் காயலையா?" "காஞ்சிருச்சு. அன்னைக்குக் கடையில சின்னச் சக்கரத்த நான் எண்ணலப்பா. நீ சொன்னத எழுதிக்கிட்டேன். பாய் கேட்டப்ப எண்ணிட்டேன்னு தலையாட்டிட்டேன்." அப்பாவின் கால்கள் அசையவில்லை. "நாந்தான் எண்ணுனேனே" என்கிறார் பிறகு, மெதுவாக. "நான் எண்ணுனா எண்ணுன மாதிரி இல்லியா?" கோபம் இல்லை, அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். லாபத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். அவர் எண்ணியது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதோடு அது முழு உண்மையும் இல்லை. எண்ண வேண்டியது என் வேலை. "ஒருக்கா பாத்துருவோம்ப்பா. கழட்ட வேணாம். நீ அந்தச் சக்கரத்த ரெண்டு சுத்து சுத்து. அம்மா, நீ இந்தச் சக்கரம் சுத்தாமப் பிடிச்சுக்க." அம்மா இடது பக்கம் போய் உட்கார்ந்து சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறாள், திமிறுகிற ஆட்டுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி, கன்னம் டயரில் பட. அப்பா வலது சக்கரத்தில் உச்சியில் ஒரு கோடு போடுகிறார். நான் ஆந்தை முகத் தகட்டின் நெற்றியில் ஒரு கோடு போடுகிறேன்.

"சுத்தவா?" "மெதுவாப்பா." தகடு நகர்கிறது. உள்ளே பல்லும் பல்லும் எண்ணெய்ப் பூச்சில் வழுக்கிக்கொண்டு பேசுகிற சத்தம், மழை பெய்கிற இரவில் பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி, வார்த்தை புரியாமல். வெள்ளைக் கோடு கீழே போகிறது, இருட்டில் மறைகிறது, இடது பக்கமாக ஏறி நெற்றிக்கு வருகிறது. ஒன்று. எனக்கு அது விடிகிறது போல இருக்கிறது, ஒரு நாள் போய் ஒரு நாள் வருகிற மாதிரி. இரண்டு. "ஒரு சுத்து ஆச்சு" என்கிறார் அப்பா வலது பக்கத்திலிருந்து. கோடு நெற்றியைத் தாண்டி வலது காதுப் பக்கம் இறங்கி நிற்கிறது. எட்டாக இருந்தால் இந்நேரம் தலைகீழாக அடியில் இருக்க வேண்டும். ஒருவேளை அப்பா கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தியிருப்பார். முடியட்டும். மூன்று. எறும்புகள் வரிசையில் போகின்றன. நான்கு. நெஞ்சின் மேல் கட்டை ஏறி இறங்குகிறது, அது நான் மூச்சு விடுவது. கோடு நெற்றியிலிருந்து மறுபடி கீழே இறங்குகிறது, காதுக்கு, தாடைக்கு, வா, ஏறி வா, இன்னும் ஒரு அரைச் சுற்று, இன்னும் கொஞ்சம். "ரெண்டு சுத்து முடிஞ்சிருச்சுத்தா" என்கிறார் அப்பா. தகடு நின்றுவிட்டது. கோடு கீழே, அடியில், என் கண்ணுக்கு மிக அருகில், சற்றே தாண்டி நிற்கிறது. நாலரையும் கொஞ்சமும்.

"ஒம்போது" என்கிறேன். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், கழுத்துதான் தளர்ந்தது, சாக்கில் தலை நன்றாகப் பதிந்தது. அப்பா குனிந்து உள்ளே பார்க்கிறார். கோட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "நான் நல்லாத்தான எண்ணுனேன். வெரல வச்சு வச்சுத்தான எண்ணுனேன். லாபம், ஒண்ணு, ரெண்டு…" விரலைக் காற்றில் மடக்கிக் காட்டுகிறார். இடது பக்கத்திலிருந்து அம்மாவின் சிரிப்பு வருகிறது, சக்கரத்தை இன்னும் விடாமல். "அடப் பாவி மனுசா, லாபந்தானய்யா ஒண்ணு! லாபம், ரெண்டுன்னு போகணும். இத்தன வருசமா இப்படியா எண்ணிக்கிட்டிருக்க?" சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. ஜீப்புக்கு அடியில் நான் இரண்டு பேருடைய முகத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடிகிற இடத்தில் இருக்கிறேன். அம்மா டயரிலிருந்து கன்னத்தை எடுத்து அப்பாவைப் பார்க்கிறாள். "அப்ப காலையில வண்டியில எண்ணும்போது மொத ஆளக் காட்டி லாபம்னுதான சொல்லுவ?" "ஆமா." "கதவோரத்துல இருந்துதான ஆரம்பிப்ப?" "ஆமா, அங்கிட்டு இருந்துதான் எண்ண வாகு." கதவோரத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மடியில் கட்டையோடு இருப்பது யார் என்று மூன்று பேருக்கும் தெரியும். அம்மா கன்னத்தில் ஒட்டிய டயர் அழுக்கைச் சேலைத் தலைப்பால் துடைக்கிறாள், ரொம்ப நேரம் துடைக்கிறாள்.

"அப்ப நாளைக்கு?" என்று அப்பா கேட்கிறார், என்னை. வொர்க்‌ஷாப்காரரிடம் கேட்பது போலத்தான் கேட்கிறார். நான் சொல்கிறேன். இந்தக் கிரௌனைக் கழற்றி நாளைக்கே தேனிக்கு நான் எடுத்துப் போகிறேன், எண்ணி மாற்றிக்கொண்டு வருகிறேன், பாய்க்குத் தொழுகைக்கு நேரமானால் அவர் தொழுதுவிட்டு வரட்டும், நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். நாளைக்கு வண்டி ஒத்தைப்பாலம் வரைக்கும்தான், அதற்கு மேல் எல்லோரும் நடக்க வேண்டும். வெள்ளைத்தாய் அத்தையிடம் நானே போய்ச் சொல்கிறேன். "மூணு மைலு, அட்ட வேற" என்கிறார் அப்பா. "நடப்பம். நடந்தா என்ன" என்கிறாள் அம்மா, "கட்டைய ஒரு நாளைக்கு நீ வச்சுக்க." அப்பா ஆயில் டப்பாவின் மூடியை இறுக்கித் திருகி ஓரமாக வைக்கிறார். நான் ஸ்பானரைக் கையில் எடுக்கிறேன். பேஸ்ட் நன்றாகக் காய்ந்திருக்கிறது, நான் சீராகத்தான் பூசியிருக்கிறேன். முதல் நட்டு இளகி விரலுக்கு வருகிறது, இளஞ்சூடாக. அப்பா தகர டப்பாவை எனக்குப் பக்கத்தில் நீட்டுகிறார். போடுகிறேன். டிங் என்கிறது. "லாபம்" என்கிறார் அப்பா. இரண்டாவது நட்டு வருகிறது. அவர் வாயைத் திறப்பதற்குள் இடது பக்கத்துச் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல், "ரெண்டு." வெயில் ஜீப்புக்கு அடியில் ஒரு சாண் உள்ளே வந்திருக்கிறது. மூன்றாவது நட்டைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். "மூணு" என்கிறார் அப்பா.